சட்டையைக் காட்டுங்கள்

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் ஒரு பாடம் உண்டு. அதில் தேற வேண்டுமானால் கடை திறக்க வேண்டும். வாடகை இல்லை, ஷட்டர் இல்லை, ஈ ஓட்டுவதற்கு ஈயும் இல்லை. இணையத்தில் திறக்கிற கடை. பொடிசு அந்தப் பாடத்தைச் சென்ற ஆண்டே எடுத்துக் கோட்டை விட்டவள். உயரத்தால் வந்த பெயர் அது. வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் இருக்கை காலி என்று நினைத்துப் பையை வைத்துவிடுவார்கள்.

சென்ற ஆண்டு அவள் குழு பூந்தொட்டி விற்றது. கடைக்கு ஒரு குறையும் இல்லை, வாங்கத்தான் ஆள் இல்லை. இந்தப் பாடத்தை நடத்துகிற பேராசிரியருக்கோ அதுதான் முக்கியம். குழுவில் எவருக்கும் சொந்தமோ நட்போ இல்லாத ஒரு மனிதராவது அந்தக் கடையில் ஒரு பொருளை நிஜமாக வாங்கியிருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். வாங்கியவரைச் செயல்விளக்கத்தன்று எல்லார் முன்னிலையிலும் அவரே போனில் கூப்பிட்டு விசாரிப்பார். என்றோ ஒரு கம்பெனியில் சில மாதம் வேலை பார்த்தவர். அதனால் "நான் தொழில்துறையில் இருந்தபோது" என்று தொடங்காமல் அவரால் கதவைக்கூடத் திறக்க முடியாது. பூந்தொட்டிக் குழு வேறு வழியில்லாமல் ஒரு பையனின் அம்மாவையே முன்பின் தெரியாதவர் என்று காட்டியது. பேராசிரியர் போனில் ஹலோ சொன்னதும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "சார், தம்பி சாப்பிட்டானா?" என்பது. அத்தோடு தொட்டி உடைந்தது.

இந்தப் பாடத்துக்கு மூன்றாம் வாய்ப்பு கிடையாது. இந்த முறையும் விட்டால் வேறு துறைக்கு மாறி முதல் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். பொடிசின் அம்மாவோ மகள் படித்து முடித்துவிட்டதாகவே சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். முடித்தவள் எதற்குத் தினமும் பையைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று கேட்டவர்களுக்கு, அவள் அங்கே சொல்லிக்கொடுக்கிறாள் என்று பதில் வேறு.

இந்த ஆண்டுக் குழுவில் அவளோடு இருவர். ஒருவன் ஸ்தாபகர். இன்னும் எதையும் ஸ்தாபித்ததில்லை. ஆனால் முதல் வகுப்பிலேயே தன்னை அப்படி அறிமுகப்படுத்திக்கொண்டதால் பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றவன் ஓவியன். நிறங்களைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பான். பின்னணிக்குப் பால் வெள்ளையா, முட்டை வெள்ளையா என்று ஒரு வாரம் யோசித்து, இரண்டும் வேண்டாம், வெள்ளை போதும் என்ற முடிவுக்கு வந்தான்.

என்ன விற்பது என்ற கேள்விக்கு விடை பொடிசின் அத்தையிடம் இருந்தது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பொத்தான் மாளிகை என்று கடைக்குப் பெயர். மாளிகைக்குள் இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாமவர் வந்தால் ஒருவர் படியிறங்க வேண்டும். தரையிலிருந்து கூரை வரைக்கும் சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பொத்தானில் ஒன்று மாதிரிக்குத் தைக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு முக்காலி. அதன் மேல் சங்கிலி கட்டின கண்ணாடியோடு அத்தை, நீதிபதி மாதிரி.

இணையக் கடைக்கு அத்தை உடனே சம்மதித்தாள். தன் படம் பெரிதாக வர வேண்டும், கீழே நிர்வாக இயக்குநர் என்று போட வேண்டும் என்ற இரண்டே நிபந்தனைதான். நிர்வாக இயக்குநர் ஒருவரை நேரில் சந்திக்கும் வாய்ப்பு ஸ்தாபகருக்கும் அதற்கு முன் அமைந்ததில்லை. கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு வந்தான். பொத்தான் துறையையே புரட்டிப் போடப்போவதாகக் கால்மணி நேரம் பேசினான். அத்தை கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு ஜாதியாக இருக்கிறதே, தெரியுமா என்று விசாரித்தாள். ஸ்தாபகர் கழுத்துப் பட்டையை இழுத்து அதை மறைத்துக்கொண்டான். பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்தது.

ஸ்தாபகருக்கு ஒரு கொள்கை இருந்தது. மூன்றே கிளிக். அவன் பிடித்த முயலுக்கு அத்தனை கால்தான்.

"ஆசை வந்த மூணாவது கிளிக்ல ஆள் வாங்கி முடிச்சிருக்கணும். நாலாவது வச்சா யோசிக்க ஆரம்பிச்சிடுவான். மனுஷன் யோசிச்சா வியாபாரம் போச்சு" என்பான்.

கொள்கை அவனுடையது, வேலை பொடிசுடையது. நிரல் முழுவதும் அவள்தான் எழுதினாள். பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, பொத்தானைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தீக்குச்சி வைத்தும் படம் பிடித்தாள். இருப்பு எத்தனை, ஓட்டை இரண்டா நான்கா, கொம்பா சிப்பியா பித்தளையா என்று எல்லாம் பதிந்தாள். ஸ்தாபகர் 'எங்கள் கதை' என்ற பக்கத்தை மட்டும் எழுதினான். பொத்தான் என்பது வெறும் பொத்தான் அல்ல, அது ஒரு பிணைப்பு என்று தொடங்கும் அந்தப் பக்கம், படிக்கப் படிக்க அவன் கதையாகவே போய்க்கொண்டிருந்தது.

அத்தையின் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட்டை நிறுத்தி வைத்து, பொடிசு பயிற்சி கொடுத்தாள். ஆர்டர் வந்தால் மணி அடிக்கும். பச்சைக் கட்டத்தைத் தொட்டால் அனுப்புகிறோம் என்று பொருள். பணம் அப்போதுதான் எடுக்கப்படும். பொருள் தீர்ந்துபோயிருந்தால் சிவப்பைத் தொட வேண்டும், ஆர்டர் ரத்தாகிவிடும். ரத்தான ஆர்டர் குழுவின் திரையில் தெரியாது. அதுவும் ஸ்தாபகரின் யோசனைதான். தோல்வியைத் திரையில் காட்டினால் குழுவின் உற்சாகம் வற்றிவிடுமாம்.

கடை திறந்தது. முதல் வாரம் ஸ்தாபகரின் குலமே திரண்டு வந்து வாங்கியது. பனியனைத் தவிர வேறெதுவும் போடாத பொடிசின் பெரியப்பா ஒரு டஜன் பித்தளைப் பொத்தான் வாங்கினார். அதன் பிறகு திரை வெள்ளையாகவே இருந்தது. தன் தேர்வு சரிதான் என்று ஓவியன் மட்டும் திருப்திப்பட்டுக்கொண்டான். ஸ்தாபகர் கூட்டம் போட்டான். குறை லோகோவில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கப்பட்டது. லோகோ மாற்றப்பட்டது. முன்பின் தெரியாத ஒரு ஜீவனும் வரவில்லை. பொடிசுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவோ, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்தே மகள் இளைத்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னாள்.

செயல்விளக்கத்துக்கு முந்தின வாரம், விட்டுப்போன கோட்டுப் பொத்தான்களைப் படம் பிடிக்கப் பொடிசு மாளிகைக்குப் போனாள். உள்ளே நுழைய முடியவில்லை. இரண்டு பேர் கொள்ளும் இடத்தில் நான்கு பேர் திணறிக்கொண்டிருக்க, படியில் வேறு சிலர் கையில் சட்டையும் கோட்டுமாகக் காத்திருந்தார்கள். கவுண்டருக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்தாள். பொடிசாக இருப்பதில் சில வசதிகள் உண்டு.

அப்போது டேப்லெட்டில் மணி அடித்தது. எட்டிப் பார்த்தாள். அறியாத பெயர், அறியாத தெரு. கொம்புப் பொத்தான் ஆறு. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் படித்தாள். பிறகு போனை எடுத்து அந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

"பட்டன் கடையிலேர்ந்து பேசறேன். ஆறு கொம்புப் பட்டன் கேட்டிருக்கீங்க. எதுக்கு? ஸ்வெட்டருக்கா? கையால பின்னினதா, மெஷின்ல பின்னினதா? அதுகூடத் தெரியாதா? அப்போ அந்தப் பட்டன் சரிப்படாது. கனம் தாங்காம இழுத்துக்கிட்டு நிக்கும். ஸ்வெட்டரை எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க, பாத்துச் சொல்றேன்."

போனை வைத்தாள். சிவப்பைத் தொட்டாள். ஒரு நல்ல காரியம் செய்த முகத்தோடு அடுத்த ஆளின் கோட்டை வாங்கி வெளிச்சத்தில் விரித்தாள்.

பொடிசு, இதுவரைக்கும் எத்தனை பேரை இப்படிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டாள்.

"யாரு எண்ணினா? தினம் ஒண்ணு ரெண்டு வருது. எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டுடுவேன். துணியைப் பாக்காம பட்டன் குடுக்கற வழக்கமே நம்மகிட்ட கிடையாது. காலைப் பாக்காம எவனாவது செருப்பு குடுப்பானா?"

"பெரியப்பாவுக்கும் ஸ்தாபகர் வீட்டு ஆளுங்களுக்கும் மட்டும் பாக்காம அனுப்பினீங்களே அத்தை."

"சொந்தக்காரங்க எதுக்கு வாங்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா? அதுங்க டப்பாவை விட்டே வெளிய வராது."

தனக்கு வேண்டியது முன்பின் தெரியாத ஒரே ஒரு ஆள் என்பதைப் பொடிசு எடுத்துச் சொன்னாள். அத்தைக்கு மனம் இளகிவிட்டது. அதற்கென்ன, உங்கள் சாரை என் எண்ணுக்குக் கூப்பிடச் சொல், குரலை மாற்றிக்கொண்டு யாரோ மாதிரிப் பேசுகிறேன், பொத்தான் பிரமாதம் என்கிறேன் என்றாள். பொய் சொல்ல அத்தைக்கு ஆட்சேபம் இல்லை. தப்பான பொத்தானை அனுப்பத்தான் கை வராது. பொம்மைக்குக் கண் வைக்கப் பொத்தான் கேட்ட ஒருத்தியிடமே பொம்மையைக் கொண்டுவா என்று சொல்லி ரத்து செய்தவள் அவள்.

கோட்டோடு நின்றவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தானும் அந்த வெப்சைட்டைப் பார்த்து ஆர்டர் போட்டவன்தான் என்றார். முதலில் எரிச்சலாகத்தான் இருந்ததாம். கோட்டைக் கொண்டுவந்து பார்த்தால் மற்ற பொத்தானெல்லாம் இரண்டு ஓட்டை, அவர் கேட்டிருந்தது நான்கு ஓட்டை. படியில் நின்ற ஓர் அம்மாள், தனக்கு நிறம் தப்பு என்றாள். பொடிசு திரும்பி அந்த வரிசையைப் பார்த்தாள். அவ்வளவு பேரும் அவளுடைய வாடிக்கையாளர்கள். தெரியாதவர்கள், கையில் காசோடு நிற்கிறவர்கள், ரத்தானவர்கள்.

அத்தையை மாற்றுவது நடக்கிற காரியமில்லை. அப்பாவே அக்காவிடம் எதிர்த்துப் பேச வேண்டுமானால் கடிதம்தான் எழுதுவார். அத்தையைச் சுற்றிக்கொண்டு போகிற வழியும் இல்லை. அப்படியானால் அத்தையையே கடைக்குள் வைத்துவிட வேண்டியதுதான்.

இரண்டு நாள் உட்கார்ந்து புதிதாக ஒரு பக்கம் எழுதினாள். பொத்தானைத் தேர்ந்தெடுத்தவுடன் பணம் கட்டச் சொல்லாமல், 'சட்டையைக் காட்டுங்கள்' என்று அந்தப் பக்கம் திறக்கும். வாங்குபவர் துணியின் படத்தை அனுப்ப வேண்டும். அத்தை அதைப் பார்த்து அந்தப் பக்கத்திலேயே உடனுக்குடன் பதில் எழுதுவாள், கேள்வி கேட்பாள், வேறு பொத்தானைக் காட்டுவாள். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் பணம் கட்டும் இடம் தெரியும். ஸ்தாபகர் அதைச் சோதித்துப் பார்த்து, விரல் விட்டு எண்ணி, வெளிறிப் போனான்.

"ஏழு கிளிக். ஏழு. நீ கடை திறக்கல, கடையை மூடறே."

"மூணு கிளிக்ல ஒருத்தரும் வாங்கலையேடா."

"ஏழுல வாங்குவாங்களா?"

"தெரியல. அத்தை ரத்து பண்ண மாட்டாங்க. அது மட்டும் தெரியும்."

ஓவியன், அந்தப் பக்கத்துக்கு என்ன நிறம் என்று கேட்டான். வெள்ளை என்றதும் அவன் வாக்கு பொடிசின் பக்கம் விழுந்தது.

செயல்விளக்கத்தன்று காலை வரைக்கும் ஓர் ஆர்டர்கூட முடிந்திருக்கவில்லை. இருவர் ஐந்தாவது கிளிக்கிலேயே ஓடிப்போயிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் காலையில் கறுப்புப் பொத்தான் ஒன்று கேட்டு, கோட்டின் படத்தை அனுப்பிவிட்டு அத்தையின் பதிலுக்குக் காத்திருந்தார்.

பெரிய கூடம். முன் வரிசையில் பேராசிரியர். மெழுகுவர்த்தி விற்ற குழு முடித்துப் போயிற்று. அவர்களுடைய முன்பின் தெரியாத வாடிக்கையாளர் போனை எடுத்து, "எந்த மெழுகுவர்த்தி?" என்று கேட்டு வைத்துவிட்டார். அடுத்து பொத்தான் மாளிகை. ஸ்தாபகர் மேடையேறி, மனிதனை மனிதனோடு பொத்தான் எப்படி இணைக்கிறது என்று விளக்கினான். பேராசிரியர் கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டு, வாங்கியவர் எண்ணைக் கொடுங்கள் என்றார்.

ஸ்தாபகர் பொடிசைப் பார்த்தான். பெருமை பேச அவன், பதில் சொல்ல அவள். எப்போதும் உள்ள ஏற்பாடுதான். இன்னும் யாரும் வாங்கி முடிக்கவில்லை, ஒருவர் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்றாள். பிறகு அந்தப் பக்கத்தைப் பெரிய திரையில் போட்டாள். அதே நேரம் மாளிகையில் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'படம் இருட்டா இருக்கு. ஜன்னல்கிட்ட வச்சு எடுங்க.'

சற்றுப் பொறுத்துப் பதில் வந்தது. 'ஜன்னல்ல பூனை தூங்குது.'

'பூனையை நகத்துங்க.'

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். புதுப் படம் வந்தது. கோட்டு, பக்கத்தில் ஒரு வால். அத்தை எழுதினாள்: 'இது கறுப்பு இல்ல. கருநீலம். நீங்க கேட்ட பட்டன் வச்சா பல்லு விழுந்த இடத்துல கல்லு வச்ச மாதிரி தெரியும்.' அதன் கீழே மூன்று பொத்தான்கள் வந்தன, தீக்குச்சிகளோடு.

கூடம் இரண்டுபட்டது. முதலாவதுதான் என்றது ஒரு பக்கம், மூன்றாவது என்றது இன்னொரு பக்கம். மெழுகுவர்த்திக் குழு வெளியே போகாமல் நின்று பார்த்தது. பேராசிரியர் எழுந்து திரைக்கு அருகே போனார். தான் தொழில்துறையில் இருந்தபோது ஒரு கருநீலக் கோட்டு வைத்திருந்ததாகவும், அந்த அனுபவத்தில் சொன்னால் இரண்டாவதுதான் பொருந்தும் என்றும் அறிவித்தார். அத்தைக்கு அது தெரிய நியாயமில்லை. 'மூணாவதை எடுங்க' என்று திரையில் வந்தது.

பதில்: 'யோசிச்சுச் சொல்றேன்.'

ஸ்தாபகர் கண்ணை மூடிக்கொண்டான். மனிதன் யோசிக்க ஆரம்பித்துவிட்டான். பொடிசு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் ஆண்டின் வகுப்பறைகள், அங்கே சுவரில் மாட்டியிருக்கும் கால அட்டவணை, தன்னை விட உயரமான தங்கச்சி வயதுப் பிள்ளைகள் எல்லாம் கண்முன் வந்து போயின. பொத்தான் குழுவுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்ததற்கான ஒலி எழுந்தது. அடுத்த குழு லேப்டாப்போடு முன்னே வந்தது. பேராசிரியர் திரும்பாமலே, இருங்கப்பா என்று கையை உயர்த்தினார்.

'மூணாவது. ஒண்ணு போதும்' என்று வந்தது. பச்சை ஒளிர்ந்தது. பணம் வந்து சேர்ந்தது என்று அறிவிக்க ஸ்தாபகர் ஏற்பாடு செய்திருந்த சுழலும் பொத்தான் திரையில் சுற்றத் தொடங்கி, கொஞ்ச நேரம் நிற்காமல் சுற்றியது. யாரும் கண்டுகொள்ளவில்லை. கூடம் கைதட்டிக்கொண்டிருந்தது.

பேராசிரியருக்குக் கடமை நினைவுக்கு வந்தது. போனை ஒலிபெருக்கியில் போட்டு, இந்தக் குழுவில் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா என்று வாடிக்கையாளரைக் கேட்டார்.

"பட்டன் கடை அம்மாவைத் தெரியுமே" என்றது குரல்.

பேராசிரியரின் புருவம் மேலே போயிற்று. எப்படித் தெரியும் என்றார், சந்தேகத்தை மறைக்காமல்.

"இப்பத்தான் சார். இவ்வளவு நேரமா அவங்ககிட்டத்தானே திட்டு வாங்கிட்டிருந்தேன். அதுக்கு முன்னாடி நான் அவங்களைப் பாத்தது இல்ல. இப்பவும் பாத்தது இல்ல. ஆனா பூனையை நகத்தின முதல் ஆள் அவங்கதான்."

பேராசிரியர் மதிப்பெண் போட்டார். விற்பனை வேகம் என்ற இடத்தில் பூஜ்யம். தோற்றம், சுமார். வாடிக்கையாளர், உண்டு. மொத்தத்தில் தேர்ச்சி, வாசற்படியைத் தாண்டின அளவுக்கு. ஸ்தாபகர் அதற்குள் சுதாரித்துக்கொண்டு, இதற்குப் பெயர் நிதான வணிகம், வாடிக்கையாளரை யோசிக்க வைப்பதே ஆரம்பத்திலிருந்து தன் கொள்கை என்று அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தான். பேராசிரியர் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு தொழில்துறையிலிருந்து அதுவும் வரும். பொடிசு சண்டைக்குப் போகவில்லை. பசித்தது. பல நாளுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மாளிகைக்குப் போனாள். அம்மாவுக்குப் போன் செய்தபோது, நீ எப்போதோ பாஸாகிவிட்டாயே, இப்போது எதற்குச் சொல்கிறாய், பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்று அவள் கிசுகிசுத்து வைத்துவிட்டாள். அத்தையிடமாவது வாய்விட்டுச் சொல்லலாம்.

கூட்டம் கலைந்திருந்தது. அத்தை முக்காலியில் உட்கார்ந்து ஒரு சின்ன உறைக்குள் கருநீலப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை, பாஸாயிட்டேன்."

"ஆகாம? யாரு கடை" என்றாள் அத்தை. தலை நிமிரவில்லை. ஆனால் முக்காலிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைக் காலால் தள்ளி, உட்கார் என்று இடம் காட்டினாள். அது நிர்வாக இயக்குநரின் பாராட்டு விழா.

கூடத்தில் நடந்ததையெல்லாம் பொடிசு சொன்னாள். திரையில் தன் எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பதை மட்டும் அத்தை இரண்டு முறை கேட்டாள். உறையை ஒட்டப்போனவள் கையை நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்க மறந்துட்டேன் பாரு. அந்த ஆளுக்குத் தைக்கத் தெரியுமா?"

"அதையும் கேக்கணுமா அத்தை?"

"தெரியாதவன் கையில பட்டனைக் குடுத்து என்ன ஆகப்போவுது?"

போனுக்காகக் கை நீண்டது. பிறகு என்ன நினைத்தாளோ, இழுப்பறையைத் திறந்தாள். ஓர் ஊசியை எடுத்துக் கருநீல நூலைக் கோத்து, முடிச்சுப் போட்டு, அட்டைத் துண்டில் குத்தி, பொத்தானோடு உறைக்குள் வைத்தாள். ஒட்டி, பொடிசின் கையில் கொடுத்தாள்.

"போற வழியில தபால்ல போட்டுடு. வளைக்காமப் போடு, ஊசி இருக்கு."

பொடிசு உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி படியிறங்கினாள். பின்னால் மாளிகைக்குள் மணி அடித்தது. அத்தை யாரிடமோ, கையால் பின்னினதா மெஷினில் பின்னினதா என்று எழுத ஆரம்பித்திருப்பாள்.